மேல்தட்டில் பெயர் எழுதிய டப்பா

நீங்கள் டீயோடு கொண்டுவந்து வைத்த பிஸ்கட் நன்றாகவே இருந்தது. நான் இரண்டு சாப்பிட்டேன். சாப்பிடுவதற்கு முன் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தபோது நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் ஆறு சாப்பிட்டீர்கள் மேடம், ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அதில் கோதுமை, சோயா மாவு, பால்பொடி இருக்கின்றன. எள்ளும் நிலக்கடலையும் சிறிதளவு கலந்திருக்கலாம் என்று கடைசி வரியில் கடுகளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த மாதிரிக் கடைசி வரிகளைச் சரிபார்ப்பதுதான் பத்தொன்பது வருடங்களாக என் வேலை.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் டைப்பிஸ்ட் காலையில் அடித்துக் கொடுத்த ஒரே பக்கத்தில் பதினோரு பிழைகள். என் வயதையே மாற்றிவிட்டார். நாற்பத்தொன்று, ஐம்பத்தொன்று இல்லை. எல்லோரும் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்று பழகிவிட்டார்போலிருக்கிறது.

நான் வேலை பார்ப்பது சூப் பொடி தயாரிக்கும் கம்பெனியில். பாக்கெட்டுக்குள் என்ன போகிறதோ அது பாக்கெட்டின்மேல் எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு நான். எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு அங்கே என்னைப் பூதக்கண்ணாடி என்பார்கள். இருக்கட்டும். 'மசாலாப் பொருட்கள்' என்று மொட்டையாக எழுதிவிட்டுக் கடுகையும் வெந்தயத்தையும் உள்ளே தள்ளப் பார்ப்பார்கள். 'தாவரப் புரதம்' என்பார்கள். எந்தத் தாவரம் என்று கேட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். ஆகாதவர்களுக்கு ஒரு சிட்டிகை போதும், உடம்பெல்லாம் தடித்து, கண்ணிமை வீங்கி, சொறிந்து சொறிந்து ரத்தம் வந்துவிடும் என்று நான் சொன்னால், "அதெல்லாம் ஆயிரத்துல ஒருத்தருக்குதான் மேடம்" என்று என்னைச் சமாதானப்படுத்துவார்கள். அந்த ஆயிரத்தில் ஒருத்தி என் வீட்டில்தான் இருந்தாள். என் தங்கை.

அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சமைத்தது, தலை பின்னியது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடனே அதற்கு அடிக்கோடு போட வேண்டாம். கல்யாணமாகாத பெண் ஒருத்தி கிடைத்துவிட்டால் உங்களைப் போன்ற போலீஸ்காரர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. என்னைக் கேட்டு வந்த ஆண்களில் ஒருவருக்கும் மூன்று வரிக்கு மேல் படிக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

தங்கையை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன், இருபத்தொன்பது வயதிலும். ஒரு நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எது என்று தெரியாது. நான் தெரிந்துகொள்ள விட்டதும் இல்லை. குளத்தில் மட்டும் அவள் வேறு ஆள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். தண்ணீரைக் கண்டு அலறுகிற ஒரு குழந்தையைத் தன் முன்கையில் மல்லாத்திப் படுக்கவைத்து, "நான் புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை மெல்ல எடுத்துவிட்டாள். குழந்தை மிதந்தது. சுற்றி நின்ற பெற்றவர்கள் கைதட்டினார்கள். பொய் சொல்லிக் கையை விடுவதற்கு ஒரு கைதட்டல். நான் அன்று பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

குளம் இருந்த அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் பழுதுபார்க்க வந்து, பாப்பாவுக்குப் பழக்கமானான் ஒருவன். எதைப் படித்தாலும் எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசையப் படிப்பான். அவனைக் கட்டிக்கொள்ளப்போவதாகவும், வெளியூரில் அவன் அம்மா வீட்டோடு போய் இருக்கப்போவதாகவும் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாப்பா சொன்னாள். அந்த ஊரிலும் ஒரு நீச்சல் குளம் இருக்கிறதாம், ஆள் தேவையாம், விசாரித்துவிட்டாளாம். என்னிடம் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் விசாரித்து முடித்திருந்தாள்.

"நீயும் எங்ககூடவே வந்துடுக்கா" என்றாள்.

"எனக்கு இங்க வேலை இருக்கு" என்றேன்.

சண்டை போடவில்லை. நான் சண்டை போடுகிற ஆள் இல்லை.

எங்கள் கம்பெனியில் நான்கு வகை சூப்புக்கும் ஒரே மெஷின். காளான் சூப்பைக் கெட்டியாக்க முந்திரி மாவு சேர்ப்போம். தக்காளி சூப்பில் அது கிடையாது. காளான் ஓடி முடிந்து தக்காளியை ஓட்டுவதற்கு முன் மெஷினைக் கழற்றித் துடைப்பார்கள். எவ்வளவு துடைத்தாலும் மூலைமுடுக்கில் பழைய பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் முதலில் வந்து விழும் ஐம்பது பாக்கெட்டுகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. நான் எழுதிய விதி. அந்த ஐம்பதுக்கும் எங்களிடம் கழுவல் பாக்கெட் என்று பெயர். பேக்கிங் பெண்கள் அவற்றைக் கைப்பையில் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், எனக்குத் தெரியாது என்ற நினைப்பில். இத்தனை வருடத்தில் நான் ஒரே ஒருமுறைதான் எடுத்தேன். பாப்பாவுக்குச் சளி பிடித்திருந்தது, வழியில் கடை மூடியிருந்தது. அவள் கல்யாணப் பேச்சை எடுத்த அதே வாரம், வியாழக்கிழமை.

சூப்பைக் குடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கழுத்தில் நான்கு தடிப்புகள் கிளம்பின. பிறகு தோள், முதுகு, தொடை என்று பரவின. மேலுதடு ஒரு பக்கமாக வீங்கியது. "பாருக்கா, யாரோ மாதிரி இருக்கேன்" என்று கண்ணாடி முன் நின்று சிரித்தாள். அடுப்படியில் கிடந்த பாக்கெட்டைக் கையில் எடுத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வேறு எவருக்கும் புரிந்திருக்காது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு முந்திரி மாதிரிக் கொட்டை வகை எதுவும் பிடிக்காது, நானும் வாங்கியதில்லை. அதனால்தான் அத்தனை வருடம் விஷயம் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

நான் அவளிடம் சொல்லவில்லை. அது குற்றமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் லிஃப்ட்காரனின் அம்மா எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. பாப்பாவின் முகம் இருந்த இருப்பில் அதைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. நான் லீவு போட்டேன். அவளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகு முழுக்க லோஷனைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு வைத்தேன். "நீ இல்லைன்னா நான் என்னக்கா பண்ணுவேன்" என்று தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமையைப் போல ஒரு சந்தோஷமான நாள் எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அடுத்த தடவை மூன்று வாரம் கழித்து வந்தது. அது தற்செயல் இல்லை.

கழுவல் பாக்கெட்டை நம்பிக்கொண்டிருக்க முடியாது, ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். கடையில் முந்திரி வாங்கி நானே பொடித்துச் சலித்து வைத்துக்கொண்டேன். அதை ஒளித்துவைத்திருந்தேன் என்று உங்கள் டைப்பிஸ்ட் அடித்திருக்கிறார். சுத்தப் பொய். என் சமையலறையில் பெயர் எழுதாத டப்பாவே கிடையாது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் 'முந்திரி மாவு' என்று எழுதி, பொடித்த தேதியும் போட்டு ஒட்டி, மேல்தட்டில் மிளகுக்கும் சீரகத்துக்கும் நடுவில் வைத்திருந்தேன். தீரத் தீர நிரப்பித் தேதியை மாற்றி எழுதினேன். ஒன்றரை வருடம் அது அங்கேதான் இருந்தது. பாப்பா தினமும் அதற்கு நேர்கீழே நின்றுதான் தண்ணீர் குடிப்பாள். கொஞ்சம் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். படிக்காதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

தோல் டாக்டரைப் பற்றியும் கேட்டீர்கள். சுவரில் சான்றிதழ் மாட்ட இடமில்லாத மனிதர். பாப்பா வாயில் வைக்கும் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். அவளிடம் விட்டால் இரண்டு நாளில் நோட்டே தொலைந்துபோயிருக்கும், அதனால் நானே எழுதினேன். நேரம், அளவு, எந்தக் கம்பெனி, பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருப்பதெல்லாம், அப்புறம் தடிப்பு எங்கே வந்தது, ஸ்கேல் வைத்து அளந்து எத்தனை சென்டிமீட்டர். ஒன்றே ஒன்றை மட்டும் எழுதவில்லை. டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு நோட்டை நான் பார்த்ததே இல்லைம்மா. இப்படி ஓர் அக்கா கிடைக்க நீங்க கொடுத்து வச்சிருக்கணும்" என்றார் பாப்பாவிடம்.

"எனக்குத் தெரியும் டாக்டர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மற்ற நோயாளிகளுக்குக் காட்ட இரண்டு பக்கங்களை நகலெடுத்துக்கொண்டார். பிறகு நோட்டில் இருந்த பொருட்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். பால், முட்டை, கோதுமை, மீன், சோயா, தக்காளி. எதிலும் ஒன்றுமில்லை. நோட்டில் இல்லாததைத் தேட வேண்டும் என்பது அத்தனை படித்த மண்டையில் ஏறவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முட்டையை நிறுத்தச் சொன்னார், மீனை நிறுத்தச் சொன்னார், கத்தரிக்காயை, தக்காளியை. கடைசியில் பாப்பாவுக்குச் சோறும் வேகவைத்த சுரைக்காயும் என் கையால் வைக்கும் சூப்பும்தான் மிச்சம். அதற்கப்புறம் குளத்துத் தண்ணீரில் போடும் மருந்துதான் காரணம் என்றார். அவள் குளத்தை விட்ட பிறகும் தடிப்பு வந்தது. உடனே மனசுதான் காரணம் என்றார்.

குளத்தை அவளாக விடவில்லை. ஒட்டுவாரொட்டியாக இருக்குமோ என்று பெற்றவர்கள் முணுமுணுத்தார்கள். மேனேஜர் அவளைத் தண்ணீரிலிருந்து எடுத்து, டோக்கன் கிழித்துக் கொடுக்கிற மேஜையில் உட்காரவைத்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வேறு யாரோ தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டிலேயே இருந்துவிட்டாள். தூக்கத்தில் சொறிந்துகொள்ளாமல் இருக்க இரண்டு கைகளிலும் காலுறை மாட்டிக்கொண்டு படுப்பாள். நான்தான் மாட்டிவிடுவேன். அவள் கஷ்டப்பட்டதைப் பார்த்து உங்களுக்கு வலிக்கவில்லையா என்று நேற்றுக் கேட்டீர்கள். வலித்தது. அதனால்தான் லோஷன் வைத்தேன்.

லிஃப்ட்காரன் விட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தான். போன மாதம் ஒருநாள், "அக்கா, தப்பா நினைக்காதீங்க, அந்த நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றான். கொடுத்தேன். டாக்டருக்கே விளங்காதது இவனுக்கு விளங்கவா போகிறது? விரலை வைத்து வைத்துப் படித்து முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. முடித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தான்.

"எங்க வேலையில மெஷின் ரூம்ல ஒரு புக் தொங்கும்க்கா. லிஃப்ட் நின்ன நாளையும் எழுதணும், ஒழுங்கா ஓடின நாளையும் எழுதணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாதான் பழுது எங்கன்னு தெரியும். அதனால இவளுக்குத் தடிப்பே வராத நாளா பார்த்தேன். நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்களே, அந்த அஞ்சு நாள். ட்ரெய்னிங்னு வெளியூர் போனீங்களே, அந்த நாலு நாள். ரெண்டு தடவையும் நான்தான் கடையில சாப்பாடு வாங்கிட்டு வந்தேன். டாக்டர் வேணாம்னு சொன்ன முட்டை, மீனெல்லாம்கூட சாப்பிட்டா. ஒண்ணுமே வரலை."

"என்ன சொல்ல வர்ற?" என்றேன்.

"வீட்டுச் சமையல்ல ஏதோ இருக்குக்கா. பாத்திரமோ, எண்ணெயோ, ஏதாவது டப்பாவோ. நீங்களும் அதையேதான சாப்பிடுறீங்க, உங்களுக்கும் ஏதாவது ஆயிடப்போகுது. இவளை ஒரு மாசம் எங்க அம்மா வீட்டுல வச்சுப் பார்ப்போமே."

அவ்வளவு தூரம் வந்துவிட்டான். டப்பா என்று அவன் வாயாலேயே சொன்னான். சொல்லிவிட்டு நிமிர்ந்து மேல்தட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு நின்றான், அரைவேக்காடு.

பாப்பா உடனே சரி என்றாள். சனிக்கிழமை மத்தியானம் அவன் வேனில் கிளம்புவதாக ஏற்பாடு. காலையில் அவள் பெட்டி அடுக்கியதைக் கதவோரம் நின்று பார்த்தேன். நான்கு உடுப்பு, மருந்து, சீப்பு. கடைசியாக அலமாரியின் அடியில் கையை விட்டு, ஒரு வருடத்துக்கு மேல் தொடாத நீச்சல் உடையையும் தொப்பியையும் எடுத்து, முகர்ந்து பார்த்து, மேலே வைத்தாள். ஒரு மாதத்துக்குப் போகிறவளுக்கு அது எதற்கு?

நான் அடுப்படிக்குப் போய்ச் சூப் வைத்தேன்.

நான் யோசித்தது நியாயமாகத்தான் இருந்தது. வழியில் குடிக்க ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தால் அவள் அங்கே போய்ச் சேரும்போது தடிப்பும் கூடவே போய்ச் சேரும். அந்த வீட்டிலும் தடிப்பு வந்துவிட்டால் இந்த வீட்டின்மேல் இருக்கும் சந்தேகம் போய்விடும், அவள் திரும்பி வந்துவிடுவாள். வழக்கமாக நான் போடுவது உப்புக் கரண்டியில் கால்வாசி. அன்று மேஜைக்கரண்டியால் மூன்று போட்டேன்.

அளவு தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லும்படி எனக்காக வந்திருக்கும் வக்கீல் சொல்கிறார். அப்படிச் சொன்னால் தண்டனை குறையுமாம். அந்த ஆளுக்கு நான் யார் என்று தெரியவில்லை. கம்பெனியில் ஒரு சிட்டிகைக்காக ஒருநாள் உற்பத்தி முழுவதையும் குப்பையில் கொட்டவைத்தவள் நான். எனக்கா அளவு தெரியாது? மூன்று கரண்டி தடிப்போடு நிற்காது என்று எனக்குத் தெரியும். தொண்டை அடைக்கும் என்று தெரியும், மூச்சு நின்றுபோகலாம் என்றும் தெரியும். தெரிந்துதான் போட்டேன், கலக்கினேன், மூடியை இறுக்கினேன், "சூடு ஆறதுக்குள்ள குடிச்சிடு பாப்பா" என்று சொல்லிக் கொடுத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல்.

நாற்பது நிமிடம் போனபிறகு வேனில் குடித்திருக்கிறாள். நான்காவது வாயிலேயே அவளால் பேச முடியவில்லையாம். பக்கத்தில் எங்கோ ஒரு ஆஸ்பத்திரி வாசலில் அவன் வேனை ஏற்றி நிறுத்தியிருக்கிறான். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அத்தனை களேபரத்திலும் ஃபிளாஸ்க்கை மூடி, நிமிர்த்தி, சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறான். பழுதான பாகத்தை மாற்றினால் பழையதைத் தூக்கிப்போட மாட்டோம், எதனால் பழுதாயிற்று என்று பார்க்கக் கொண்டுபோவோம் என்று உங்களிடம் சொன்னானாமே. அது ஒன்றுதான் அவன் உருப்படியாகக் கற்றுக்கொண்டது.

உங்கள் ஆட்களோடு வீட்டுக்கு வந்தபோது அவன் நேராகச் சமையலறைக்குப் போய் நிமிர்ந்து பார்த்தான். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒவ்வொரு டப்பாவின்மேலும் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனான். மிளகுக்கு அடுத்ததில் விரல் நின்றது. மூன்று தடவை படித்தான். இறங்கிவந்து என் முகத்தைப் பார்த்தான், "அக்கா" என்று மட்டும் சொன்னான், அழ ஆரம்பித்தான். ஒன்றரை வருடத்தில் அந்தப் பெயரைப் படித்த முதல் ஆள் அவன்தான்.

கண் விழித்ததும் பாப்பாவால் பேச முடியாததால் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்திருக்கிறார்கள். முதலில் அவள் எழுதிய சீட்டை நீங்களே கொண்டுவந்து காட்டினீர்கள். "அக்கா சாப்பிட்டாளா?" அதைக் காட்டினால் நான் உடைந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்கள். எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்பதை அவளே தன் கையால் எழுதிவிட்டாள்.

இன்று மத்தியானம் இரண்டாவது சீட்டை வைத்தீர்கள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும், அதன்பிறகு எழுதியது இது என்றும் சொன்னீர்கள். "அக்கா கையால் இனி ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம்." பன்னிரண்டு நாளாக அவள் உடம்பில் ஒரு தடிப்புக்கூட இல்லை என்றும் சொன்னீர்கள், ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. நீங்களும் படிக்கத் தெரியாதவர்தான் மேடம். அந்தச் சீட்டைச் சரியாகப் பாருங்கள். எழுத்து கோணிக்கொண்டு போகிறது, கடைசிச் சொல்லில் பேனா அழுந்தவே இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுப்பதை அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அர்த்தம். அங்கே பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஐந்து மணிக்குள் என்னை அனுப்பிவிட்டால் போதும், அவள் தூங்குவதற்குள் சூடாக ஒரு சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.